கையில்லாக் கலாசாரம்

புகலிடத்தில் எமது கலாசாரம் செழித்து வளர்கிறது என்று மேடைக்கு மேடை முழங்குபவர்களிடம் நாம் ஒரு சிறு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். உங்கள் பிள்ளை மார்பிலே சாய்த்து, தலைப்பைக் காலிலே ஊன்றி வாசிக்கிறதே, அந்த வயலினைச் செய்தது யார்?

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

ஓர் அரங்கேற்றத்துக்குப் போய் வாருங்கள். ஒஸ்லோ, சூரிச், பாரிஸ், ரொறொன்ரோ, எந்த நகரமென்றாலும் காட்சி ஒன்றுதான். அழைப்பிதழ் கலியாணக் கார்ட்டைத் தோற்கடிக்கும். மிருதங்கக் கலைஞர் சென்னையிலிருந்து விமானத்தில் வந்திருப்பார். பிரதம விருந்தினர் இன்னொரு நாட்டிலிருந்து வந்திருப்பார். இறுதியில் நன்றியுரை. குருவுக்கு நன்றி, குருவின் குருவுக்கு நன்றி, பக்கவாத்தியத்துக்கு நன்றி, மண்டபம் தந்தவருக்கு, ஒலி ஒளி அமைத்தவருக்கு, வீடியோ எடுத்தவருக்கு, மாலை கட்டியவருக்கு, வடை சுட்டவருக்கு நன்றி. இந்த நீண்ட பட்டியலில் கருவியைச் செய்தவரின் பெயர் வந்து நாம் ஒருநாளும் கேட்டதில்லை. மறந்து போய் விடப்பட்ட பெயரல்ல அது. எவருக்கும் தெரியாத பெயர். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் வந்ததில்லை.

இந்தத் தெரியாமைக்கு ஒரு சரித்திரம் உண்டு. மேடையில் வயலினுக்குப் பக்கத்தில் இருக்கும் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலில்லாமல் அதற்கு நாதம் இல்லை. அந்தத் தோலைத் தெரிந்தெடுத்து, வெட்டி, வாரிழுத்து மூட்டுபவர்களில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வாசிப்பவர் மேதை; மூட்டுபவர் 'ஆள்'. இதைப் பற்றி ரி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபஸ்ரியன் அன்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலை எழுதினார். வெளியீட்டுக்கு மண்டபம் தருவதாகச் சொன்ன சென்னைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் கையை விரித்தது. விழா வேறிடத்தில் நடந்தது. கருவியைச் செய்பவரின் கதை சபைக்கு ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வயலின் எமது சங்கீதத்துக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்த ஐரோப்பியக் கருவியைக் கையில் எடுத்து, சுருதியை மாற்றி, உட்காரும் விதத்தை மாற்றி, கமகத்துக்கு வளைத்துக் கொடுத்தார்கள். பெரிய சாதனை. நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த 200 ஆண்டுகளில் வாசித்தவர்களின் பரம்பரை மட்டுமே எமக்கு மனப்பாடம். செய்தவர் ஒருவரின் பெயரையாவது எமது சங்கீத ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுண்டா? இன்று புகலிடத்துப் பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் சீனத் தொழிற்சாலை ஒன்றின் வயலின். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவும் யாரோ ஒரு தொழிலாளியின் கைவேலைதான். வெட்கமெல்லாம், அந்தக் கையை நாம் ஒரு கணமும் நினைக்காததில்தான்.

வாய்ப்பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. 'உலகத்தின் முதல் வயலினைச் செய்தவன் எங்கள் இராவணன்' என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. இராஜஸ்தானில் பாபுஜியின் கதையைப் பாடும் போபாக்கள் வாசிக்கும் இராவணஹத்தாவைக் காட்டி இந்தப் பெருமை பேசப்படுகிறது. வில்லால் வாசிக்கும் முறை 10ஆம் நூற்றாண்டளவில் மத்திய ஆசியாவிலிருந்து பரவியது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. அது கிடக்கட்டும். இந்தப் பெருமையில் சிங்களத் தேசியவாதியும் பங்கு கேட்கிறான். 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதற் செய்மதிக்குக்கூட 'இராவணா-1' என்றுதான் பெயர். இராவணன் யாருக்குச் சொந்தம் என்று இரு பகுதியும் அடிபடும்போது, ஒரு சிரட்டையை எடுத்து, அதற்குத் தோல் போர்த்து, மூங்கிற் தண்டு பொருத்தி, குதிரை மயிரை நரம்பாகக் கட்டி அந்தக் கருவியைச் செய்பவன் இராஜஸ்தானின் ஏழைப் பாடகன். தேங்காய்க்கும் சிரட்டைக்கும் பஞ்சமில்லாத ஊரில் பிறந்த நாமோ அதைச் செய்து பார்க்கவில்லை. உரிமை மட்டும் கோருகிறோம்.

இனி நாம் அகதிகளாக வந்து குடியேறிய சுவீடனுக்கு வருவோம். 1996 முதல் இங்கு புழங்கி, 2016இல் செல்லாததாகிய 50 குரோணர்த் தாள் எம்மில் பலருக்கு ஞாபகமிருக்கும். ஊருக்குக் காசு அனுப்புவதற்காக எண்ணி எண்ணி அடுக்கிய தாள். அதன் ஒரு பக்கத்தில் பாடகி யென்னி லிண்ட். மறுபக்கத்தில் ஒரு விசித்திரமான வாத்தியம். அது என்னவென்று எம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அதன் பெயர் நிக்கெல்ஹார்ப்பா. 'நிக்கெல்' என்றால் சாவி, 'ஹார்ப்பா' என்றால் யாழ். சாவி யாழ் என்று நாம் சொல்லலாம். பெயரில் யாழ் இருந்தாலும் இது வில்லால் வாசிக்கும் வாத்தியம். இடது கை விரல் நரம்பைத் தொடாது, மரச்சாவிகளை அழுத்தும். ஒவ்வொரு சாவியிலும் நிற்கும் சின்ன மரத்துண்டு நரம்பில் போய் முட்டிச் சுரத்தைப் பிரிக்கும். இன்றைய வாத்தியத்தில் 16 நரம்புகள்: மூன்று இசை நரம்புகள், ஒரு சுருதி நரம்பு, எவரும் தொடாமலே கூட அதிரும் 12 அனுதாப நரம்புகள். சாவிகள் மூன்று வரிசையில் பொதுவாக 37.

கோட்லாந்துத் தீவில் ஷெல்லுங்கே என்ற ஊரின் தேவாலய வாயிலில், 1350ஆம் ஆண்டளவில் செதுக்கியதாகக் கருதப்படும் சிற்பமொன்றில் இதன் மூதாதையைக் காணலாம் என்பர். பின்னர் இது உயிர் தரித்த இடம் ஸ்ரொக்ஹோமுக்கு வடக்கேயுள்ள உப்லாந்து. 17ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து வலோன் கொல்லர்கள் குடிபெயர்ந்து வந்து இரும்பு வடித்த அதே மாவட்டம். மாளிகைக்கும் சங்கீத மண்டபத்துக்கும் வெளியே, உலைக்களத்துக் கிராமங்களிலும் கமக்காரரின் கலியாண வீடுகளிலும் இது ஒலித்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிட்டத்தட்டச் செத்துப் போகும் நிலைக்கு வந்தது. வயலினும் அக்கோர்டியனும் அதை ஓரங்கட்டிவிட்டன.

அதைக் காப்பாற்றியது எது? அரங்கேற்றமா? பிரதம விருந்தினரா? இல்லை. அவுகுஸ்ற் போலினும் எரிக் சால்ஸ்ற்றூமும் (1912 - 1986) வாத்தியத்தைத் திருத்தி, எல்லாச் சுரங்களும் பேசும் புதிய வடிவத்தைக் கொடுத்தார்கள். இருவரும் வாசித்தவர்கள், இருவரும் செய்தவர்கள். அதன் பிறகு, 1970களில், சாதாரண மனிதர்கள் நூற்றுக்கணக்கில் தாங்களே இந்த வாத்தியத்தைச் செய்யத் தொடங்கினார்கள். மாலை நேரத்தில், பாடசாலை மரவேலை அறைகளில், தபாற்காரரும் ஆசிரியையும் விவசாயியும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சீவினார்கள். இவர்களில் எவரும் வாத்தியம் செய்வதைப் பிழைப்பாகக் கொண்டவர்களல்லர். சால்ஸ்ற்றூம் பெயரால் 1998இல் தூபூ என்ற சிற்றூரில் ஒரு நிறுவனம் எழுந்தது. வாத்தியம் செய்வதையும் வாசிப்பதையும் ஒன்றாகப் பரப்பிய இந்த முயற்சியை, 2023இல் யுனெஸ்கோ மரபைப் பேணும் நல்ல நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

இவற்றுக்கெல்லாம் அத்திவாரம் 'படிப்பு வட்டம்' என்ற ஏற்பாடு. 1902இல் லுண்ட் நகரில் ஒஸ்கார் ஒல்சன் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த முறையில், பத்துப் பேர் ஒன்று கூடினாலே ஒரு வகுப்பு ஆகிவிடும். குரு பீடம் கிடையாது. தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுப்பார். கடைசியில் பட்டமும் இல்லை, பொன்னாடையும் இல்லை.

அப்படியொரு வட்டத்தில் நாமும் சேர்ந்தோம். எம்மில் ஒருவர் பஸ் ஓட்டுபவர். ஒருவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். இன்னொருவர் 20 வருடம் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிக் கை வெந்தவர். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு குளிர்காலம்.

மேற்பலகைக்கு 'கிறான்' என்னும் ஊசியிலை மரம். நாம் நத்தார் மரமென்று அறிந்த அதே மரந்தான். சாவிகளுக்கு வைரமான வேறு மரம். முற்காலத்தில் உடல் முழுவதையும் ஒரே மரக்குற்றியில் குடைந்தெடுத்தார்களாம். அதைக் கேட்டபோது எமக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. ஒரே பலாமரத்தில் குடைந்த வீணையை அங்கு ஏகாண்ட வீணை என்பார்கள். மேற்பலகையை மெல்லியதாகச் சீவச் சீவ, இடையிடையே விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். மொத்தமாக இருக்கும்போது மரம் ஊமை. பிறகு ஒரு கட்டத்தில் அது பேசத் தொடங்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டிச் சீவினால் பலகை பலமிழந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. காதும் கையும் சேர்ந்துதான் அதைப் படிக்க வேண்டும். சாவிகளுக்கு வில்லுக்கம்பி ஏதும் இல்லை. விரலை எடுத்தால் தன் பாரத்தாலேயே கீழே விழ வேண்டும். கொஞ்சம் இறுக்கமென்றால் சிக்கும், கொஞ்சம் தளர்வென்றால் கடகடக்கும். சாவியின் மேல் நிற்கும் மரத்துண்டைச் சுவீடியர் 'இலை' என்கிறார்கள். அந்த இலையை மயிரளவு திருப்பினால் சுருதி சேரும். சுருதி சுத்தம் என்று வாய் ஓயாமல் பேசும் எமக்கு, சுருதி என்பது மரத்தின் எந்த அசைவில் பிறக்கிறது என்பதை அந்த இலைதான் காட்டித் தந்தது.

இனி எம்மவர் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு பிறந்தநாள் வீட்டில், பலர் முன்னிலையில், எம்மில் மூத்தவரிடம் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணை, கம்பஸ் மட்டும் படிச்ச மனிசன், இப்ப சீவுளி தள்ளுறியளாம்?" எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பிள்ளையளுக்குக் கலியாணம் பேசுற நேரத்திலை உந்தத் தச்சு வேலையை ஒருக்கா நிப்பாட்டி வையுங்கோவன்" என்றார். அது பகிடி அல்ல. அவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

இந்த ஒரு வசனத்தில் எமது கலாசாரத்தின் முழு வண்டவாளமும் வெளிப்பட்டுவிட்டது. வாசித்தால் கலை, செய்தால் சாதி. வயலின் வாசிக்கும் மருமகள் வேண்டும். வயலின் செய்யும் சம்பந்தி வேண்டாம். கடல் கடந்து, பாஸ்போட்டைக் கிழித்தெறிந்து, பெயரை மாற்றி, பிறந்த தேதியை மாற்றி, அகதி முகாம் கடந்து வந்தவர்கள் நாம். எல்லாவற்றையும் தொலைத்த இந்த வழியில் ஒன்றை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். எந்த விமான நிலையத்துச் சோதனையிலும் அது பிடிபடவில்லை.

எமக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் பார்ப்போம். முதலாவது: 'நாள் முழுக்க மாடாய் உழைக்கிறோம். வேலையிலும் கைவேலை, ஓய்விலும் கைவேலையா?' நியாயமான கேள்வி. விடியப்புறம் ஐந்து மணிக்கு அலுவலகங்களைத் துடைத்துவிட்டு, பின்னேரம் பிள்ளையைச் சங்கீத வகுப்புக்குக் கூட்டிச் செல்லும் தாயை நாம் கிண்டல் செய்யவில்லை. அந்த அரங்கேற்றத்தின் ஒவ்வொரு குரோணரும் அவளது முழங்கால் நோவிலிருந்து வந்தது என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் இந்த நாட்டில் எமது கைகள் எட்டு மணித்தியாலம் இன்னொருவருடையவை. அவை எதைத் துடைக்க வேண்டும், எதை அடுக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். மிச்ச நேரத்தில் அந்தக் கைகளால் எமக்கென்று ஒரு பொருளைச் செய்யும்போதுதான் அவை எமது கைகளாகத் திரும்பி வருகின்றன. கோப்பை கழுவிய நண்பர் தன் முதலாவது சாவி தடையின்றி விழுந்து எழும்பிய அன்று வேறெதுவும் பேசவில்லை. அதையே இருபது முப்பது தடவை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குத் தமிழில் 'பொழுதுபோக்கு' என்றொரு சொல்லை வைத்திருக்கிறோம். பொழுதைப் போக்கத்தான் எத்தனையோ வழி உண்டே. இழந்த பொழுதை மீட்பதற்கு அல்லவா எமக்குச் சொல் இல்லை!

இரண்டாவது: 'சுவீடியனின் வாத்தியம் எமக்கெதற்கு? இது கலாசாரச் சரணடைவு.' இப்படிச் சொல்பவர்களின் பிள்ளை வாசிப்பது இத்தாலியில் உருப்பெற்ற வயலின் என்பதை முதலில் நினைவூட்டுகிறோம். நிக்கெல்ஹார்ப்பாவுக்கு நாம் உரிமை கோரவில்லை. அது உப்லாந்துக் கிராமத்தவரின் வாத்தியம், அப்படியே இருக்கட்டும். அவர்களிடமிருந்து நாம் படிக்க வேண்டியது வேறொன்று: ஒரு மரபைச் செய்யத் தெரிந்தவர்கள் போதியளவு இருந்தால் அது சாவதில்லை என்பது. வாசிப்பவரும் கேட்பவரும் மட்டும் மிஞ்சிய மரபு, கடை மூடிய அன்றே முடிந்துவிடும்.

மூன்றாவது: 'தமிழ் மரபில் அது அது அவரவர் தொழில்.' இது பச்சைப் பொய். பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் அதில் வருகிறான். தீக்கோலால் துளையிட்டுத் தன் குழலைத் தானே செய்கிறான். குழல் சலித்ததும், குமிழ மரத்துக் கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, ஒரு வில்யாழ் செய்து, குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். அவன் பாணன் அல்லன், தச்சன் அல்லன், மேய்ச்சல் நேரத்தில் தனக்காக ஒரு யாழைச் செய்துகொண்ட ஓர் இடையன். சங்க இலக்கியத்தைத் தலையில் வைத்துக் கூத்தாடும் எமது பண்டிதர்கள் இந்த இடையனை ஏன் மேடைக்கு அழைப்பதில்லை? காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் பண்டை இலக்கியத்திலிருந்து கணக்குப் போட்டு யாழ்நூலை எழுதினார். 1947இல் அது அரங்கேறியபோது, கணக்கின்படி செய்த கருவிகளும் சபைக்கு வந்தன. ஏட்டோடு நிறுத்தக்கூடாது, மரத்தில் கேட்க வேண்டும் என்பது அந்தத் துறவிக்குத் தெரிந்திருந்தது. அண்மை ஆண்டுகளில் சென்னையில் இளைஞர் ஒருவர் யாழ் செய்து வருகிறார். யாழின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்ட நாம் இங்கே என்ன செய்கிறோம்? சங்கக் கடிதத் தலைப்பில் யாழின் படத்தை அச்சடித்திருக்கிறோம்.

எமது பிள்ளைகளோ இதில் எம்மைவிட முன்னால் நிற்கிறார்கள். சுவீடிஷ் பாடசாலையில் 'ஸ்லொய்ட்' என்ற கைவினைப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். ஆணும் பெண்ணும் அறுக்கிறார்கள், சீவுகிறார்கள், தைக்கிறார்கள். எட்டு ஒன்பது வயதில் பிள்ளை தானே செதுக்கிய வெண்ணெய்க் கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டுகிறது. நாம் 'கெட்டிக்காரி' என்று சொல்லி அதை லாச்சிக்குள் போடுகிறோம். கணக்கில் எத்தனை புள்ளி என்று கேட்கிறோம். கைவேலைக்கு எந்த இடமென்று பிள்ளை அன்றைக்கே விளங்கிக்கொள்கிறது. சாதியை நாம் வாயால் சொல்லிக் கொடுப்பதில்லை என்று பெருமைப்படுகிறோம். தேவையில்லை. லாச்சியே போதும்.

ஆகவே எமது தமிழ்ச் சங்கங்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற ஆண்டுவிழாவுக்குப் பிரதம விருந்தினரைக் கூப்பிட வேண்டாம். அவரது விமானச் சீட்டுக்கும் ஹோட்டலுக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் காசில் இரண்டு மரவேலை வாங்குகள், ஆறு உளிகள், இரண்டு சீவுளிகள், கொஞ்ச மரம் வாங்கலாம். பாடசாலை அறையை மாலையில் தருவார்கள்; கேட்டால் போதும். வில்யாழில் தொடங்கலாம், சிரட்டை வாத்தியத்தில் தொடங்கலாம். முதலாவது கருவி நன்றாகப் பேசாது. இரண்டாவது கொஞ்சம் பேசும். ஊரில் தச்சுத் தொழில் செய்து, இங்கு வந்து அதை மறைத்து வாழும் ஐயாமார் எம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, 'ஐயா, எங்களுக்குப் பழக்குங்கோ' என்று கேளுங்கள். வாழ்நாளில் முதற்தடவையாக ஒரு தமிழ்ச் சபையில் அவர்கள் ஆசிரியராக நிற்கட்டும்.

அதற்குச் சம்மதமில்லையென்றால், இனி மேடையில் 'கலாசாரத்தைக் காப்பாற்றுகிறோம்' என்று சொல்லாதீர்கள். 'வாங்குகிறோம்' என்று சொல்லுங்கள். அதற்காவது நாம் கை தட்டுகிறோம்.